மந்திரித்த சிலுவையும் எங்கள் பழைய தங்கக் கடையும்

நகை விற்கிற கடைக்குள் ஜனங்கள் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டு நுழைவார்கள். நகை வாங்குகிற கடைக்குள் தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தனியாக நுழைவார்கள். எங்களுடையது ரெண்டாவது வகை. செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் "பழைய தங்கம் வாங்கப்படும், உடனடிப் பணம்" என்று மஞ்சள் போர்டு தொங்குகிறதே, அது எங்கள் நைனாவின் கடை.

நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருக்கிறேன். வாரத்தில் ரெண்டு நாள் பல்கலைக்கழகம், மீதி நாள் கல்லா. அப்பாவின் கடையில் மாட்டிக்கொண்ட பட்டதாரிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே எத்தனை பட்டம் வாங்கினாலும் கடைக்குள் நாம் "பாப்பா"தான். உள்ளே வருகிறவர் நம்மைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆம்பள ஆளு யாரும் இல்லியா?" என்பார். நம் எதிரிலேயே கேட்பார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட நான், ஒரே ஒரு சமாசாரத்தில் மட்டும் பொறுக்காமல் வாயைத் திறந்தேன். எங்கள் வியாபாரத்தில் பாதி கைவிட்டுப் போனது. போனதைத் திரும்பப் பிடிக்க நான் கற்றுக்கொண்ட கிறிஸ்தவச் சொற்களையும், வழியில் வாங்கிக் கட்டிக்கொண்ட மற்ற சொற்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்காமல் வைத்த சுத்தியல்

பனமலைக்குப் போகிற வழியில் ஒரு கத்தோலிக்க ஊர். பேர் வேண்டாம், கடையில் நாங்கள் அதை மாதா ஊர் என்போம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைப்பதற்கு முன்னால் நகையை விற்பார்கள், அறுவடை நன்றாக வந்தால் புதுசு வாங்குவார்கள். விற்பது என்றால் எங்கள் கடைதான். அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி ஆரோக்கியமேரி அக்கா. அவர் ஒரு கடையைக் கைகாட்டினால் ஊரே பஸ் ஏறும். போன தை மாசம் அவரே வந்தார். போர் மோட்டார் எரிந்துபோய்விட்டது, ஒரு சங்கிலியை விற்க வேண்டும். கழுத்திலிருந்து கழற்றிக் கல்லாமேல் வைத்தார். அதில் ஒரு சிலுவை கோத்திருந்தது. கட்டைவிரல் நீளம், கொஞ்சம் தடிமன். பழைய தங்கத்தில் தடிமன் என்றாலே எங்களுக்குச் சந்தேகம். உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் நைனாவின் கை தானாகப் போனது. சிலுவையை இரும்புக் கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு போடு. குறுக்கே பிளந்தது. உள்ளே அரக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முழுத் தங்கம். அக்காவின் மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய நாளில், அதாவது புதுநன்மை அன்று, சாமியார் மந்திரித்துக் கொடுத்த சிலுவை அது. அக்கா விற்க வந்தது சங்கிலியை மட்டும்தான்.

நைனா எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கல்லாமேல வெச்சது நீங்கதானே அக்கா? உள்ள பார்த்து வாங்கறதுதான் தொழில் முறை. தங்கம் எங்கயும் போயிடல, எடை ஒரு மில்லிகூடக் குறையல." நான் சொன்னதில் ஒரு பிழை இருந்தால் காட்டுங்கள். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, சங்கிலியையும் எடுத்துக்கொண்டு, நைனாவிடம் சொன்னார்: "அன்னிக்கு ஆணி அடிச்சவனுங்களுக்கு இன்னா செய்யறோம்னு தெரியாது, ஆண்டவரு மன்னிச்சிட்டாரு. நான் உங்க எதிர்லயே நிக்கறேனே அண்ணா, ஒரு வார்த்தை கேக்க வாய் வரலியா?"

ஆவணி வரைக்கும்

அடுத்த வாரத்திலிருந்து மாதா ஊர்க்காரர் ஒருத்தரும் எங்கள் படி ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனிக் கிளையில் ஏசி காற்று வாங்கிக்கொண்டு விற்றார்கள். அங்கே கிராமுக்கு எங்களைவிடக் குறைவு. தெரிந்தும் போனார்கள். பொருளாதாரம் படித்தவளுக்கு இதைவிட அவமானம் வேறு கிடையாது.

பங்குனி வருவதற்குள் திண்டிவனத்திலிருந்து என் மாமா, அம்மாவின் தம்பி, வந்து இறங்கினார். கடையை அவரிடம் விட்டால் செல்போன் கடை போடுவாராம், நைனாவுக்கு மாசாமாசம் வாடகையாம், எனக்கு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கிறாராம். நான் எழுந்து ஒரு மணி நேரம் பேசினேன். கடையை நான் நடத்துகிறேன், போன ஊரைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன். நைனா நிதானமாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஆவணி முடிவதற்குள் மாதா ஊர் நம் படி ஏற வேண்டும். ஏறினால் சாவி எனக்கு. ஏறாவிட்டால் மாமாவுக்கு. மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்: "போன ஊரைப் பேசியே திருப்பிடலாம்னு பாப்பா நெனைக்குது மச்சான். அத அனுப்பி வெச்சதும் அந்தப் பேச்சுதான்."

நல்வாழ்த்துகள்

வியாபாரம் வளர விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்கு ஒரு பண்டிகை வேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காலண்டரைப் புரட்டினேன். ஏப்ரலில் சிவப்பு எழுத்தில் புனித வெள்ளி. பள்ளிக்கூட நாளிலிருந்து லீவு விடுகிற நாள், லீவு என்றால் சந்தோஷம். வேறென்ன யோசிக்க வேண்டும்? "புனித வெள்ளி நல்வாழ்த்துகள்! அன்று மட்டும் பழைய தங்கத்துக்குக் கூடுதல் விலை!" என்று ரோஜாப்பூ படம் போட்டு நோட்டீஸ் அடித்தேன். மாதா ஊர் பஸ் நிறுத்தத்தில் நானே ஒட்டினேன். கையில் பசை காய்வதற்குள் போன் வந்தது.

பேசியவர் பேரைச் சொல்லவில்லை. குரலில் கோபமும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்த ஊரில் அந்த நாளுக்குப் பேர் பெரிய வெள்ளி, அன்று கோயிலில் மணிகூட அடிக்க மாட்டார்கள், பெண்கள் பூ வைக்க மாட்டார்கள், பல வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்: "எங்க ஆண்டவரு செத்த நாளுக்கு நல்வாழ்த்து போட்டது நீதானாம்மா? அந்த வாரத்துல ஒருத்தன் அவரையே வித்தான், முப்பது வெள்ளிக்காசு குடுத்தாங்க. உன் கடை ரேட்டு அதுக்கு மேலயா, கீழயா?"

மூணு ஞாயிறு

நோட்டீஸை நானே சுரண்டி எடுத்தேன். அன்றைக்கே ஹாஸ்டல் தோழி பிலோமினாவுக்குப் போன் போட்டேன். அவள் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். தவக்காலம் நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசை கட்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் "இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும்" என்று அறிவிப்பு வாசிப்பார்கள். அதற்குப் பேர் ஓலை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். முதல் ஓலை வாசித்த வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிற நாள் கோயிலிலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது! எந்த மார்க்கெட் சர்வேயில் இது கிடைக்கும்?

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து சூசைராஜ் என்று ஒருவர் வந்தார். மாதா ஊர் இல்லை, வேறு ஊர். ஒரு ஜோடி வளையலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார், கொடுக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. "மகளுக்குக் கல்யாணமா? எத்தனாவது ஓலை வாசிச்சாங்க?" என்றேன். "போன ஞாயிறுதான் மொத ஓலை" என்றார், கண்ணை அகல விரித்து. "அப்ப இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்குது. மண்டபத்துக்கு முன்பணம் குடுக்க ஒரு வளையல மட்டும் இன்னிக்கு வித்துடுங்க. இன்னொண்ண மூணாவது ஓலை முடிஞ்சி தேவைப்பட்டா பார்க்கலாம்." வருகிற பொருளில் பாதியைத் திருப்பி அனுப்புகிறாளே என்று நைனா உள்ளிருந்து இருமினார். சூசைராஜ் ஒரு வளையலை வைத்துவிட்டு, இன்னொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த மாசம் அவர் சொல்லி ஆறு குடும்பம் வந்தது என்பதை நைனாவின் இருமலுக்குப் பதிலாக இங்கே பதிவு செய்கிறேன். போகும்போது அவர் கேட்டது இது: "உங்க சாமியாரு யாரும்மா? நீங்க எந்தக் கோயிலுக்குப் பூசைக்குப் போறீங்க?"

முதல் வியாபாரம்

நைனாவுக்கு ஒரு பழக்கம். காலையில் முதலில் வாங்குகிற நகையைக் கண்ணில் ஒற்றி, லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு பொட்டு குங்குமம் தொட்டுவிட்டுத்தான் பெட்டியில் போடுவார். ஒருநாள் முதல் நகையாக அந்தோணியார் உருவம் பதித்த மோதிரம் வந்துவிட்டது. விற்றவர் இன்னும் பணத்தை எண்ணிக்கொண்டு எதிரிலேயே நிற்கிறார். நைனாவின் குங்கும விரல் பாதி வழியில் நின்றது. சுத்தியலுக்கு அப்புறம் அவர் விரல்களுக்கே பயம் வந்திருந்தது. "அண்ணே, இந்த மோதிரத்த சாமி கிட்ட வெக்கட்டுமா? இது மந்திரிச்சதா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். வந்தவர் குலுங்கிச் சிரித்துவிட்டார்: "கடையில வாங்கின டிசைனுதான், தாராளமா வெய்யி. காணாமப் போன பொருளக் கண்டுபுடிச்சிக் குடுக்கறவரு அந்தோணியாரு, உங்க லட்சுமி எப்பனா காணாமப் போனா அவரையே தேடச் சொல்லலாம்."

மூக்குத்தி

கத்தோலிக்க வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், சாட்சியாக நிற்கிற ஞானத்தாய் சங்கிலி போடுவாள். தங்கம் வாங்குகிற செலவு, விற்க யாரும் வரமாட்டார்கள். இதை எழுதிவைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் சிங்கவரத்திலிருந்து தேன்மொழி வந்தாள், என் வயசுதான். சமீபத்தில் கத்தோலிக்கம் அல்லாத ஒரு சபையில் சேர்ந்திருக்கிறாள். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம் எடுக்கிறாள். அந்தச் சபையில் நகையே போடக்கூடாதாம். தோடு, சங்கிலி, மோதிரம், கடைசியாகக் கண்ணாடியைப் பார்த்துத் திருகிக் கழற்றிய மூக்குத்தி, எல்லாம் கல்லாமேல். எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரு சொன்னாங்கன்னு கழட்டற? இது உன் சொத்து. போட வேணாம்னா போடாத, பெட்டியில வெச்சிக்க. ஒரு பொம்பளைக்குக் கையில இருக்கறது இது ஒண்ணுதான்" என்று அரைமணி நேரம் வாதாடினேன். வாங்குகிற கடையில் உட்கார்ந்து விற்காதே என்று வாதாடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா? எடை போடு" என்றாள்.

விற்கிறவர் மனசு மாறி வந்தால் திருப்பித் தர, மூன்று நாள் எதையும் உருக்குவதில்லை என்று நான் ஒரு விதி கொண்டுவந்திருந்தேன். கம்பெனிக் கிளையில் இது கிடையாது. மறுநாள் காலை தேன்மொழியின் புருஷன் கத்திக்கொண்டு வந்தான், பின்னாலேயே அவளும் வந்தாள். நகை எங்கம்மா போட்டது என்றான் அவன். எங்கம்மா போட்டது என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எடுத்துக் காட்டினாள் அவள். அதில் அவன் வீட்டு மோதிரம் ஒன்றை மட்டும் அவன் கையில் வைத்தாள். அதன் பணத்தையும் என்னிடம் எண்ணித் தந்தாள். அவன் அடங்கிப் போனான். வாசலில் அவளை நிறுத்தி, "இன்னும் ரெண்டு நாள் அப்படியேதான் வெச்சிருப்பேன், யோசிச்சிக்க" என்றேன். அவள் திரும்பி நின்று சொன்னாள்: "எங்க ஆண்டவரு மூணாம் நாள் எழுந்துட்டாரு. என் மூக்குத்தி எழுந்திருக்காது, உருக்கிடு."

ஒரு டம்ளர் தண்ணீர்

சுத்தியலை நான் பரணில் போட்டுவிட்டேன். அப்படியென்றால் அரக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நைனா கேட்டார், நியாயமான கேள்வி. காரட் பார்க்கிற மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும், வயிற்றைப் பார்க்காது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் ஒன்று கைகொடுத்தது. தராசின்மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நகையை நூலில் கட்டி டம்ளரின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் போதும். வெளியே பதினேழு கிராம் இருக்கிற நல்ல தங்கம் தண்ணீரில் ஒரு கிராம்போலக் காட்டும். உள்ளே அரக்கு இருந்தால் அந்த எண் ஊதிக்கொண்டு நிற்கும், பொய் சொல்கிறவன் முகம்போல. வெட்டவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம்.

இதை முதலில் பார்த்தவர் இருதயராஜ். பக்கத்து ஊர்க் கோயிலில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். தடித்த காப்பு ஒன்றைக் கொண்டுவந்து, உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாது என்று அவரே சந்தேகப்பட்டார். நூலில் கட்டி இறக்கினேன். எண் சுத்தமாக நின்றது. சந்தோஷத்தில் அவருக்கு வாய் திறந்துகொண்டது. மாதா ஊரில் மாதாவுக்குத் தங்கக் கிரீடம் செய்யப் போகிறார்களாம், ஜனங்கள் வருஷக்கணக்காகப் போட்ட காணிக்கை நகைகளை எல்லார் எதிரிலும் நிறுக்க நம்பிக்கையான ஆள் தேடுகிறார்களாம், பொறுப்பு ஆரோக்கியமேரி அக்காவிடமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என் முகத்தைக் கவனிக்கவில்லை, டம்ளரில் தொங்குகிற காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்: "தண்ணியில முக்கி ஞானஸ்நானம் குடுத்தாச்சு. பேரு இன்னாம்மா வெச்ச?"

நான் ஜெயித்த வழக்கு

ஆடி மாசம். ஆவணி முடிய ஒரு மாசத்துக்குக் கொஞ்சம்தான் கூட இருக்கிறது. கடைக்குள் மாமா இன்ச் டேப் பிடித்து எந்தச் சுவரில் எந்த செல்போன் கவர் தொங்கும் என்று அளந்துகொண்டிருக்கிறார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாதா ஊருக்குப் போனேன், வெறும் கையோடு அல்ல. நான்கு வாதங்களோடு. ஒன்று, எந்தக் கடையிலும் தடித்த நகையை உடைத்துத்தான் பார்ப்பார்கள். ரெண்டு, எடை குறையவில்லை. மூன்று, புதுச் சிலுவை செய்து தர நாங்கள் தயார். நான்கு, பிலோமினாவை நச்சரித்துத் தெரிந்துகொண்டது: விலைக்கு வந்த பொருளில் மந்திரிப்பு நிற்காது என்று அவர்கள் சபையிலேயே சொல்வார்கள்.

ஆரோக்கியமேரி அக்கா வீட்டு வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடினார்கள். நான் நான்கையும் வரிசையாகச் சொன்னேன். "தப்புன்னு வருத்தம்தான் அக்கா, ஆனா..." என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக. "நான் சிலுவைய விக்கலியே" என்று ஒருமுறை குறுக்கிட்டார். "கல்லாமேல வெச்சா விக்கறதுன்னுதான் அர்த்தம்" என்று மடக்கினேன். பல்கலைக்கழகப் பேச்சுப்போட்டியாக இருந்தால் கோப்பை என் கையில். அக்கா எழுந்து உள்ளே போய் ஒரு கை உடைத்த மல்லாட்டையும் வெல்லமும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "நீ சொன்னது எல்லாம் கரெக்ட்டுதாம்மா. எங்க பாவசங்கீர்த்தனத்துல அஞ்சு காரியம் இருக்குது, அஞ்சுலயும் ஆனான்னு ஒரு வார்த்தை கெடையாது."

நைனா பேசியது

பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது, அது எனக்குத் தெரியும். ஐந்து காரியம் தெரியாது. பிலோமினா இந்த முறை சிரிக்கவில்லை. செய்ததை நினைத்துப் பார்ப்பது, அதற்கு வருந்துவது, இனி செய்யமாட்டேன் என்று உறுதி எடுப்பது, வாயைத் திறந்து சொல்வது, சாமியார் கொடுக்கிற அபராதத்தைத் தீர்ப்பது. "காரணம் சொல்றது எத்தனாவதுடி?" என்று கேட்டேன். "அது லிஸ்ட்லயே இல்லடி" என்றாள்.

கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்ட பிறகும் அந்த ஊர் மேல்தான் எனக்குக் கோபம். சரியான வாதத்துக்கு இறங்கி வராத ஊர் என்ன ஊர்? நைனா உரைகல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு இடம் கிடைத்ததில்லை. நான் மூச்சு விட நிறுத்திய இடைவெளியில் சொன்னார்: "நான் அன்னிக்கே தப்புன்னு சொல்லிட்டு கைகூப்பத்தான் எழுந்தேன் பாப்பா. நீ ஜெயிச்சிட்ட, அதுக்கு மேல நான் எங்க பேசறது?"

அபராதம்

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிகிற நேரம் பார்த்து ரெண்டு பேரும் போனோம். கோயில் வாசலில், ஜனம் வெளியே வந்துகொண்டிருக்கும்போதே, நைனா ஆரோக்கியமேரி அக்காவின் எதிரில் நின்றார். "உங்கள ஒரு வார்த்தை கேக்காம சுத்தியல் வெச்சிட்டேன்மா. தப்பு. இனிமே செய்ய மாட்டேன்." அவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. அடுத்தது நான். "உங்ககிட்ட மரியாதை இல்லாம பேசிட்டேன் அக்கா. தப்பு." தொண்டையில் அந்த "ஆனா" வந்து முட்டியது. விழுங்கினேன். முதுகலையில்கூட இவ்வளவு கஷ்டமான எதையும் நான் செய்ததில்லை. அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நான் சாமியாரு இல்ல. அபராதம் மட்டும் சொல்றேன், கேட்டுக்க. ஆவணி மொத ஞாயிறு காணிக்கை நகைய நிறுக்கணும். தராசு எடுத்துக்கினு நீ வா. எடை மட்டும்தான் வாயில வரணும், வேற ஒரு பேச்சு வரக்கூடாது."

ஆவணி முதல் ஞாயிறு, குகை மாதிரிக் கட்டிய மாதா கெபிக்கு முன்னால் பந்தல். ஊர் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நான் நடுவில், தராசோடும் டம்ளரோடும். நைனா பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். பின் வரிசையில் ஒரு தாத்தா, "செஞ்சி தராசுல காந்தம் வெச்சிருப்பானுங்க" என்றார். தராசு முத்திரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னிடம் சரக்கு இருந்தது. "மூணு கிராம் நானூறு மில்லி" என்றேன். ஜீன்ஸ் போட்ட ஒருத்தன், "பெரிய வெள்ளிக்கு வாழ்த்து போட்டது இவங்கதானே?" என்றான். "ரெண்டு கிராம் நூறு." ஒரு அம்மா, "ஏம்மா, இந்த வயசுல கல்யாணம் கட்டாம தராச கட்டிக்கினு அழுவுற?" என்றார். "ஒரு கிராம் எழுநூறு." பல் வலிக்கும்வரை கடித்துக்கொண்டு இருந்தேன். நடுவில் ஒரு தடித்த சிலுவை வந்தது. பின் வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நைனா பேனாவை மூடி வைத்துவிட்டு, ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். எண்ணை உரக்கச் சொன்னேன். துடைத்து, ஒரு கீறல் இல்லாமல் தட்டில் வைத்தேன். அப்போது அந்தப் பக்கமாக வந்த பங்குச் சாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குப் பேச்சு வராதா?" என்று அனுதாபமாக விசாரித்தார். ஆரோக்கியமேரி அக்கா பதில் சொன்னார்: "ரொம்ப நல்லா வரும் சாமி. இப்ப அபராதத்துல இருக்குது."

படி ஏறியது

மறுநாள் திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. மாமா கண்ணாடி அலமாரிக்கு ஆர்டர் கொடுக்கப் போவதாகச் சொன்னார், நைனா மறுக்கவில்லை. புதன்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் ஆரோக்கியமேரி அக்கா இறங்கினார், கூட மகளிர் குழுப் பெண்கள் ஐந்து பேர். நான் உள்ளறையில் உருக்குகிற மண்குவையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டதும் வெளியே வரப் பயந்து அப்படியே நின்றேன். வாயைத் திறந்து மறுபடியும் கெடுத்துவிடுவேனோ என்று.

அக்கா ஒரு ஜோடித் தோட்டைக் கல்லாமேல் வைத்தார். நைனா தொடவில்லை. "இதுல மந்திரிச்சது எதுனா இருக்குதாம்மா? எடுத்து எடை போடலாமா?" என்று கேட்டார். "போடுங்க அண்ணா" என்றார் அக்கா. நைனா எடையைச் சொன்னார், விலையைச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா இன்ச் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆனால் அக்கா பணத்தை வாங்கவில்லை. கல்லாவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்: "இன்னா அண்ணா, கேட்ட ஒடனே ரேட்டு சொல்றீங்க, நான் யாருகிட்ட பேசிக் கூட்டறது? அபராதம் தீந்துபோச்சுன்னு சொல்லி அந்த வாயாடிய வெளிய அனுப்புங்க."

சாவி என் கையில், மாதா ஊர் எங்கள் படியில், தப்பு எங்களுடையதுதான். இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை விளக்கம் சொன்னாலும் இன்னொரு ஞாயிறு முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு நிறுக்க வேண்டியிருக்கும் என்பதால், தோழர்களே, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.